ஸ்டார்போர்டும் லார்போர்டும்: ஓர் இணைச்சொல்லின் வரலாறு

கப்பலின் வலப்பக்கம் ஸ்டார்போர்டு. இடப்பக்கம் முன்பு லார்போர்டு, இன்று போர்ட். இவ்விணையின் பிறப்புக்குப் பலரும் சான்று காட்டுவது அட்மிரல் ஸ்மித்தின் மாலுமிச் சொல்லகராதியை. அவர் இறந்தபின் எட்வர்ட் பெல்ச்சர் செப்பனிட, 1867இல் அது வெளிவந்தது. இத்தாலியில் ‘இந்தப் பக்கம்’ எனப் பொருள்படும் குவெஸ்தா போர்தா ஸ்டார்போர்டாகவும், ‘அந்தப் பக்கம்’ எனப் பொருள்படும் குவெல்லா போர்தா லார்போர்டாகவும் குறுகின என்ற விளக்கத்தை அவர் அங்கே தருகிறார். ஒலி ஒத்திருந்ததால் பிழைகள் மலிந்தன, ஆகவே கடற்படைத் தலைமையகம் லார்போர்டை விலக்கியது என்றும் சேர்க்கிறார்.

மத்தியதரைக் கடலைப் பல்லாண்டு அளந்தவர், நேப்பிள்ஸைச் சேர்ந்தவரின் மகளை மணந்தவர் ஸ்மித். இத்தாலிய மாலுமிகளின் பேச்சு அவர் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கும். ஆனால் அந்த மாலுமிகளே வலத்தை த்ரித்தா என்றும் இடத்தைச் சினிஸ்த்ரா என்றும்தான் சொல்கிறார்கள். கப்பல் பக்கத்துக்கு அவர்கள் வழங்கும் போர்தோ ஆண்பாற்சொல். குவெஸ்தா அதனோடு இயையாது. அச்சொல்லே ஜெர்மானிய மொழிகளிலிருந்து தெற்கே போனது. கடன் வாங்கியவரைக் கொடுத்தவராகக் காட்டுகிறது ஸ்மித்தின் விளக்கம்.

காலமும் அவருக்கு எதிராக நிற்கிறது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், நார்வேக் கடலோடி ஓத்தரே மன்னர் ஆல்பிரட்டிடம் தன் வடதிசைப் பயணத்தைச் சொன்னார். நிலம் ஸ்டேயோர்போர்டில், திறந்த கடல் பேக்போர்டில் இருந்ததாகப் பழைய ஆங்கிலப் பதிவு கூறுகிறது. ஸ்டேயோர் என்பது சுக்கான். 1904-05இல் அகழ்ந்தெடுத்த ஓசபெர்க் கப்பலில் சுக்கான் துடுப்பு அமரத்தின் வலப்பக்கத்தில் இருப்பதைப் பார்த்தால் வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. துடுப்பைப் பிடித்தவனின் முதுகுப்புறம் பேக்போர்டு. டச்சிலும் ஜெர்மனிலும் அந்தப் பழைய இணை இன்றும் வாழ்கிறது. ஆங்கிலம் மட்டும் பேக்போர்டைக் கைவிட்டது.

கைவிட்டது எப்போது? யோனாவின் கதையைச் சொல்லும் ‘பேஷன்ஸ்’ என்ற கவிதையில் லார்போர்டின் ‘லாட்டபோர்டு’ என்ற வடிவம் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்று இதுவே. ஒரே ஒரு கையெழுத்துப் படியில் தங்கிய கவிதை அது. படியின் காலம் ஏறத்தாழ 1400. சொல்லின் முதற்பகுதியைச் சரக்கேற்றுதலைக் குறிக்கும் வினையோடு இணைப்பது வழக்கம். இடர் இரண்டு உண்டு. இரட்டித்த டகரம் அவ்வினையின் எழுத்துமுறைக்கு நேராகப் பொருந்தவில்லை. கவிதையில் சரக்கேற்றும் பேச்சும் இல்லை, மாலுமிகள் காற்றைப் பிடிக்கப் போராடுகிறார்கள்.

இருந்தும் சரக்கேற்றும் பக்கம் என்ற பொருளையே ஏற்கிறேன். தொகைச்சொல்லின் முதற்பகுதியில் உயிர் குறுகுவது ஆங்கிலத்தில் இயல்பு. இரட்டித்த எழுத்து அக்குறுக்கத்தைக் காட்டலாம். அதைவிட வலுவானது கப்பலின் அமைப்பு. வலப்பக்கத்தில் சுக்கான் துடுப்பு தொங்கும் கலத்தைத் துறையின் கல்லில் வலமாக அணைத்தால் துடுப்பு நொறுங்கும். இடப்பக்கத்தை அணைத்துத்தான் சரக்கேற்ற முடியும். அமரத்தின் நடுவே பொருத்திய சுக்கான் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வட ஐரோப்பாவில் பரவியதும் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. எனவே சொல் அதற்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். கவிதைப் புலவர் காலத்தில் அது பழகித் தேய்ந்த பக்கப்பெயர், அதனால்தான் நடுக்கடலிலும் வருகிறது. எழுத்துச் சான்று இல்லாததால் இது ஊகமே. ஓத்தரேவுக்கும் இந்தப் படிக்கும் இடையிலுள்ள ஐந்நூறு ஆண்டுகளில் மாற்றம் எந்தத் தலைமுறையில் நேர்ந்தது என்று குறிக்க வழியில்லை. டகர ஒலி ரகரமானது மட்டும் தெளிவு: ஸ்டார்போர்டின் ஒலி இணையை இழுத்தது.

ஸ்மித்தின் மற்றொரு கூற்றுக்கு ஆதாரம் உண்டு. 1844இல் பிரிட்டிஷ் கடற்படையும் 1846இல் அமெரிக்கக் கடற்படையும் லார்போர்டை நீக்கின. ஆனால் 1580ஆம் ஆண்டுப் பயணக் குறிப்பொன்றில் போர்ட் வருவதை அவரே சுட்டியிருக்கிறார். அதன் விளைவைத்தான் எண்ணிப் பார்க்கவில்லை. அது சுக்கான் பிடிப்பவனுக்கு இட்ட ஆணை. 1620களில் எழுதி 1644இல் அச்சான மேன்வேரிங்கின் அகராதியும் அச்சொல்லைக் கப்பல் செலுத்தும் ஆணைச்சொல்லாகவே காட்டுகிறது. அன்று சுக்கானின் கைத்தண்டை இடப்பக்கம் தள்ளினால் கப்பல் வலப்பக்கம் திரும்பும்; ஆணை தண்டின் திசையையே சொன்னது. பிரிட்டனில் இம்முறை 1933 வரை நீடித்தது. ஆக, ஒலிக்குழப்பத்துக்கு மாலுமிகள் தம் ஆணைமொழியில் இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே தீர்வு கண்டிருந்தனர். தலைமையகம் அதைப் பக்கப்பெயராகவும் நிலைநாட்டியது.

அந்தப் போர்ட் துறைமுகத்தைக் குறித்ததா, சரக்கேற்றும் பக்கவாயிலைக் குறித்ததா? இலத்தீனில் இவை இரு சொற்கள். ஆங்கிலத்தில் ஒரே வடிவாகிவிட்டன. இரண்டுமே லாட்டபோர்டுக்கு நான் கொண்ட பொருளோடு ஒத்துப்போவதால், இவற்றில் ஒன்றைத் தேர ஒலியும் உதவவில்லை, கப்பலின் அமைப்பும் உதவவில்லை.