பொன்மணி: ஓடாத படத்தின் ரசிகர்கள்

கம்பஸுக்கு வந்த புதுசில் ஒருவரை அறிந்துகொள்ள நாங்கள் கேட்கிற முதல் கேள்வி ஊர். இரண்டாவது, பிடித்த படம். ரூமில் பாயை விரித்துப்போட்டு இரவு இரண்டு மணி வரைக்கும் இதைத்தான் கதைத்திருக்கிறோம். ‘நாயகன்’, ‘அன்பே சிவம்’, ‘விசாரணை’ எண்டு ஆளுக்கொரு பட்டியல். ஒருநாள் மட்டக்களப்புப் பெடியன் ஒருத்தன் கேட்டான்: “எல்லாம் சரி, எங்கட நாட்டுத் தமிழ்ப்படம் ஒண்டு சொல்லுங்க பாப்பம்.” ஏழு பேர் இருந்தோம். ஏழு பேரும் வாய் திறக்கவில்லை.

அந்த வெட்கத்தில் தேடத் தொடங்கியதுதான். இன்று எங்களிடம் கேட்டால் முதலில் சொல்லுவது ‘பொன்மணி’. 1977இல் வெளிவந்த படம். நாங்கள் பார்த்தது பென்ட்ரைவில் கைமாறி வந்த ஒரு மங்கல் பிரதி. சத்தம் கொரகொரக்கும், இருட்டுக் காட்சிகளில் ஆர் நிற்கிறார் எண்டே தெரியாது. அப்படியிருந்தும் ஒருவரும் இடையில் எழும்பிப் போகவில்லை.

கதை பெரிய கதை இல்லை. யாழ்ப்பாணத்து உயர்சாதிக் குடும்பம் ஒன்று. வசதி போய்விட்டது, மிடுக்கு மட்டும் போகவில்லை. சீதனம் சேராதபடியால் மூத்த மகளின் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போகிறது. இளையவள் பொன்மணி வேறு சாதிப் பெடியன் ஒருவனை விரும்பி அவனோடு போகிறாள். முடிவில் அவள் கொல்லப்படுகிறாள். (முடிவைச் சொல்லிவிட்டோம் எண்டு கோபிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் பாதிப் படத்திலேயே இந்த முடிவு தெரிந்துவிடும்.)

எங்களைப் பிடித்து இருத்தியது கதை இல்லை, அந்த வீடு. ஆட்கள் கதைக்காமல் இருக்கிற நேரங்கள். பெண்பிள்ளைகள் வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள், பெரியவர்கள் ஒரு வார்த்தையை விழுங்கிக்கொள்கிறார்கள். ஒருவரும் கத்தி அழுது வசனம் பேசுவதில்லை. கதைக்கிறதும் எங்கட ஊர்ப் பேச்சுத்தான். எங்கட பேச்சை நாங்கள் திரையில் கேட்டது பெரும்பாலும் இந்தியப் படங்களில் பகிடிக்காகத்தான். ஒரு துக்கமான வீட்டுக்குள் அதைக் கேட்டபோது எங்களுக்கு என்னவோ செய்தது.

இதை எடுத்தவர் ஒரு சிங்களவர், தர்மசேன பத்திராஜ. 1974இல் ‘அஹஸ் கவ்வ’ படத்தோடு சிங்கள சினிமாவுக்குள் வந்தவர். அதில் வேலையில்லாமல் கொழும்பில் அலைகிற இளைஞர்களைக் காட்டினார். அதே 1974இல்தான் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டது, அதன் முதல் தலைவர் க. கைலாசபதி. பத்திராஜ இங்கே விரிவுரையாளராக இருந்தவர். கதையையும் திரைக்கதையையும் எழுதியவர் காவலூர் ராஜதுரை. நடித்தவர்களில் எழுத்தாளர் நந்தி இருக்கிறார், சித்திரலேகா மௌனகுரு இருக்கிறார், சர்வமங்களம் கைலாசபதி இருக்கிறார். அதாவது இந்த வளாகமும் அதைச் சுற்றியிருந்த இலக்கியக்காரரும் சேர்ந்து செய்த வேலை இது. எங்களில் சிலர் சித்திரலேகாவின் கட்டுரைகளைப் பாடத்துக்காக வாசித்திருந்தும், அவர் ஒரு படத்தில் நடித்தவர் எண்டு தெரியாமல் இருந்திருக்கிறோம்.

ஏன் சாதியை எடுத்தார்கள்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1957இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. கோயிலிலும் தேநீர்க்கடையிலும் ஒருவரைச் சாதி சொல்லித் தடுப்பது குற்றம். சட்டம் புத்தகத்தில் கிடந்தது, கடைகளில் தனிப் போத்தலும் தனிக் குவளையும் கிடந்தன. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலம் பொலிஸ் அடியை வாங்கியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் உள்ளே போக விடச்சொல்லிச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 1972இல் கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் வந்தது. ‘பொன்மணி’ இந்த வரிசையில் வருகிற படம். தேநீர்க்கடை, கோயில் எண்டு வந்த சண்டையை அது வீட்டுக் குசினிக்குள் கொண்டுபோனது.

ஆனால் படம் ஓடவில்லை. எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களுக்கு வின்சரிலும் ராணியிலும் மனோகராவிலும் வரிசையில் நின்ற சனம் இதற்கு நிற்கவில்லை. எங்களில் ஒருவரின் அம்மப்பா அந்தக் காலத்துச் சினிமாப் பைத்தியம், டிக்கெட்டுக்காகச் சட்டை கிழிந்த கதையெல்லாம் சொல்லுவார். ‘பொன்மணி’ பார்த்தனீங்களோ எண்டு கேட்டோம். “அதில நடக்கிறது எங்கட வீட்டிலயே நடக்குது. அதுக்குக் காசு குடுத்துப் பாக்கோணுமோ?” எண்டார். பகிடிக்குத்தான் சொன்னார். எங்களுக்கு அதைவிடச் சரியான விமர்சனம் இதுவரை கிடைக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இலங்கைத் தமிழ் சினிமா ஏன் வளரவில்லை எண்டு ஆரும் கேட்டால் எங்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: 1983 யூலை. பொய் இல்லை. கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள், படச்சுருள்கள் சாம்பலாயின. 1962இல் வந்த முதல் படம் ‘சமுதாயம்’, அடுத்த வருடம் மலையகத்தை வைத்து வந்த ‘தோட்டக்காரி’, கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’, செங்கை ஆழியானின் நாவலில் இருந்து வந்த ‘வாடைக்காற்று’ எண்டு பெயர்களை அடுக்கலாம். இவற்றில் ஒன்றையாவது தியேட்டரில் நல்ல பிரதியாகப் பார்க்கும் வாய்ப்பு எங்கட தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. இந்தியப் படங்களோடு மல்லுக்கட்டிய சின்னச் சந்தை அது, பிறகு போர் வேறு. எல்லாம் உண்மை. ஆனால் ‘பொன்மணி’ தியேட்டரை விட்டுப் போனது தீ வைப்பதற்கு ஆறு வருடம் முன்னம். அதை எந்தக் காடையரும் எரிக்கவில்லை. நாங்கள் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பத்திராஜ நிற்கவில்லை. அடுத்த வருடமே கற்பிட்டி மீனவக் கிராமத்தில் ‘பம்பரு ஆவித்’ எடுத்தார். சிங்கள சினிமாவின் சிறந்த படங்கள் எண்டு பட்டியல் போடுகிற எவரும் அதை விடுவதில்லை. இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தோம். ஒரே கண்தான், ஒரே பொறுமைதான். 2018 ஜனவரியில் அவர் இறந்தபோது எங்களுக்கு அவர் ஆரெண்டே தெரியாது. அந்த ஆண்டு நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம்.

‘பொன்மணி’யில் எங்களுக்குக் குறையும் இருக்கிறது. படம் பொன்மணியின் வீட்டைப் பார்க்கிற அளவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனவனின் வீட்டைப் பார்க்கவில்லை. சாதியின் வலி மேல்வீட்டுப் பெண்ணின் வலியாகவே நின்றுவிடுகிறது எண்டு எங்களில் ஒருத்தி சொன்னாள். அன்றிரவு அதில் பெரிய வாக்குவாதம். அவள் சொன்னது சரி எண்டுதான் இப்போது படுகிறது. ஆனாலும் பட்டியலில் இருந்து எடுக்க மனம் வரவில்லை.

பட்டியலில் வேறும் உண்டு. பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’வில் கண்பார்வை இல்லாத தகப்பன் ஒருவர், போருக்குப் போன மகனின் பெட்டி மூடி முத்திரையோடு வந்த பிறகும் அவன் செத்ததை ஏற்க மறுக்கிறார். ஜோ அபேவிக்ரம நடித்த அந்த மனிதரைப் பார்க்கும்போது, படத்தோடு தெருவோரம் இருக்கிற எங்கட அம்மாமார் ஞாபகத்துக்கு வராமல் போகாது. 2000இல் அரசாங்கம் அதைத் தடுத்தது, நீதிமன்றம் போய்த்தான் திரைக்கு வந்தது. அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ போர் முடிந்தபின் யாழ்ப்பாணம் திரும்புகிற முன்னாள் போராளியின் கதை, தமிழிலேயே எடுத்தது. இரண்டைப் பற்றியும் தனியாக எழுதவேண்டும்.

போன வருடம் ‘பொன்மணி’யை ஆளாளுக்குப் பிரதி எடுத்து வீடுகளுக்குக் கொண்டுபோனோம். லீவு முடிந்து வந்து கதை பரிமாறினோம். ஒருவரின் அம்மா அந்த மூத்த மகளுக்காகத்தான் அழுதாராம், பொன்மணிக்காக இல்லை. இன்னொரு வீட்டில் தகப்பன் பாதியில் எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணி வைத்தாராம். எங்களில் ஒருத்தி மட்டும் வீட்டில் போட்டுக் காட்டவில்லை. அவள் ஆரை விரும்புகிறாள் எண்டு எங்களுக்குத் தெரியும். ஏன் காட்டவில்லை எண்டு ஒருவரும் கேட்கவில்லை.