அந்தாலியாவில் ஓர் அழைப்பு

துருக்கியின் தென்கரையில், மலை நேரே கடலில் இறங்குமிடத்தில், 'லிசிய வழி' என்னும் நடைபாதை செல்கிறது. அது ஃபெத்தியே அருகே தொடங்கி அந்தாலியாவை நோக்கிச் செல்லும். பழைய கழுதைத் தடங்களை இணைத்து 1999இல் திறக்கப்பட்டது. பாறைகளில் தீட்டிய சிவப்பு வெள்ளைக் கோடுகளே அடையாளம். வழிகாட்டியுடன் பல நாள் நடப்போர் இரவில் மலையூர் விடுதிகளில் பணம் கொடுத்துத் தங்குகின்றனர்.

1330களின் தொடக்கத்தில் அந்தாலியா வந்த இப்னு பதூதாவுக்கு (பின்னாளில் நம் மதுரையையும் கண்டவர்) வேறுவிதமாக வாய்த்தது. நைந்த உடையும் கம்பளித் தொப்பியும் அணிந்த ஒருவர் விருந்துக்கு அழைத்தார். அவர் போனபின், "இந்த ஏழைக்கு நாம் ஏன் சுமையாக வேண்டும்?" என்றார் பயணி. உடனிருந்த ஷெய்கு சிரித்துவிட்டார். உலகம் சுற்றியவரும் உடையைப் பார்த்தே ஆளை எடைபோட்டிருக்கிறார்!

அழைத்தவர் தோல் தைப்பவர். 'அகி' என்னும் சகோதரக் கூட்டத்தின் தலைவர். அவர்கீழ் பல தொழில் செய்வோர் ஏறக்குறைய 200 பேர். பகலில் உழைத்த காசை அஸருக்குப்பின் அவரிடம் சேர்ப்பர். அதில் பழமும் உணவும் வாங்குவர். ஊருக்கு வந்த வழிப்போக்கர் புறப்படும்வரை அவர்களின் விருந்தினர். எவரும் வராத நாளில் தாமே கூடி உண்பர்.

மஃரிபுக்குப்பின் அவரே மீண்டும் வந்து அழைத்துச் சென்றார். அந்தத் தைக்காவில் அழகிய விரிப்புகள். மேலே ஈராக்கியக் கண்ணாடி விளக்குகள்.