கடிகாரம் வகுத்த நீதி

தாய்மையைப் போற்றிப் பாடாத நாடில்லை. ஆனால், துணையின்றித் தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய், "என் குழந்தைக்குப் பால் வேண்டும், நான் பாதி நாள் உழைக்கிறேன், மீதிக்கு நீங்கள் துணை நில்லுங்கள்" என்று கேட்டால், பாடிய வாய்கள் மூடிக்கொள்கின்றன, கணக்கேடுகள் திறந்துகொள்கின்றன.

வாரத்திற்கு 15 மணி நேரம் பாடுபட்டால் ஒரு நீதி! 16 மணி நேரம் பாடுபட்டால் வேறொரு நீதி! இப்படியும் ஒரு சட்டம் இருந்தது, தோழர்களே! செல்வமும் செருக்கும் கொண்டு உலகை ஆண்ட பிரிட்டனில் இருந்தது.

அந்நாட்டின் ஏடுகளைப் புரட்டுவோம். 1834ஆம் ஆண்டு புதிய ஏழையர் சட்டம் பிறந்தது. மணமாகாமல் பெற்ற பிள்ளைக்கு 16 வயது வரை தாயே பொறுப்பு என்று அது விதித்தது. தந்தை? அவனைப் பெரும்பாலும் தொடாமல் விட்டது சட்டம். வழியற்ற தாய்க்கு அது காட்டிய வாயில் ஏழையர் வேலைக்கூடம். பெயர்தான் வேலைக்கூடம், பெற்றவளையும் பிள்ளையையும் பிரித்து வைத்த சிறைக்கூடம் அது. எதிர்ப்பு எழுந்தது. 1844இல்தான், தந்தையிடம் பொருள் கேட்டு நடுவர் மன்றம் செல்லும் உரிமை தாய்க்குக் கிடைத்தது.

1925இல் விதவையர்க்கு ஓய்வூதியச் சட்டம் வந்தது. காப்பீடு செய்திருந்த தொழிலாளி மாண்டால், மனைவிக்கு வாரம் 10 ஷில்லிங். மூத்த பிள்ளைக்கு 5. மற்றப் பிள்ளைகளுக்குத் தலைக்கு 3. அவள் வேலைக்குச் சென்று கூலி பெற்றாலும் இத்தொகை குறையவில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால், கணவனால் கைவிடப்பட்டவளுக்கு? மணமாகாத தாய்க்கு? ஒரு காசுமில்லை. கணவன் செத்தால் பரிவு, ஓடிப்போனால் பழி! குழந்தையின் வயிறு இந்த வேற்றுமையை அறியுமா?

1948இல் ஏழையர் சட்டத்தைப் புதைத்தனர். தேசிய உதவித் திட்டம் எழுந்தது. வருவாயற்ற எல்லாத் தாய்மாருக்கும் உதவித்தொகை உண்டு என்றாயிற்று. அது பெரும் வெற்றி. எனினும், அவள் சிறிது உழைக்கத் தொடங்கியதும் சிக்கலும் தொடங்கியது. சிறு தொகையை மட்டும் விட்டுவைத்து, அதற்குமேல் அவள் ஈட்டியதை உதவித்தொகையில் கழித்தனர். உழைத்தவளின் கைக்கு வந்தது களைப்பு மட்டுமே.

குறைந்த கூலி பெறும் குடும்பங்களுக்கென 1971இல் துணைவருவாய்த் திட்டம் ஒன்று வந்தது. ஆனால், வாரம் 30 மணி நேரம் உழைத்தால்தான் அது கிட்டும். பள்ளி திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் உழைக்கக்கூடிய தாய், 30 மணிக்கு எங்கே போவாள்? தகுதி பெற்றவர்களுக்கும் நிம்மதி இல்லை. கூடுதலாக ஒரு பவுன் ஈட்டினால் இத்திட்டத்தில் அரைப் பவுன் போகும். வரி ஒரு பங்கு கேட்கும். வாடகைச் சலுகை சுருங்கும். இதற்கு "வறுமைப் பொறி" என்று அந்நாட்டு அறிஞர் பெயரிட்டனர். எலிக்கு வைப்பதுதான் பொறி. இங்கே ஏழைக்கு வைத்தனர்!

1969இல் அமைந்த ஃபைனர் குழு, 1974இல் அறிக்கை தந்தது. தனித்து வாழும் பெற்றோருக்கு உறுதியான உதவித்தொகை ஒன்று வேண்டும். ஊதியம் உயர உயர அது படிப்படியாகக் குறையலாம். வீட்டில் இருப்பதா, வேலைக்குப் போவதா என்பதைத் தாயே முடிவு செய்யட்டும் என்றது அக்குழு. ஆட்சியினர் அந்த உதவித்தொகைத் திட்டத்தை ஏற்கவில்லை.

ஏற்க மறுத்த கருத்து, துண்டு துண்டாகப் பின்வாசல் வழியே நுழைந்தது. 1979இல் தனிப்பெற்றோருக்கு மட்டும் 30 மணி 24 ஆயிற்று. 1980இல், உதவி பெறும் தாய் வாரத்தில் ஈட்டும் 4 பவுனுக்கும் 20 பவுனுக்கும் இடைப்பட்டதில் பாதியை அவளுக்கே விட்டனர். 1988இல் அதை மாற்றி, 15 பவுன் மட்டும் என்று வரம்பு கட்டினர். 1992இல் 24 மணி 16 ஆயிற்று.

பகுதி நேர வேலைக்கு வழி திறந்தது. ஆனால் வாசலிலேயே பள்ளம்! 16 மணியை எட்டினால் பழைய உதவி நிற்கும், புதிய உதவி தொடங்கும். எட்டாதவளுக்கோ பழைய கழித்தலே கதி. முதலாளி ஒரு மணியைக் குறைத்தால் குடும்பத்தின் கணக்கே குலையும். பிள்ளையின் காய்ச்சலையும் பள்ளி விடுமுறையையும் அறியாத கடிகாரம், அவள் வாழ்வுக்கு நீதிபதியாய் அமர்ந்தது.

2013 முதல் படிப்படியாக வந்த பொது உதவித் திட்டம், அந்தப் பள்ளத்தைச் சரிவாக்கியது. மணிக் கணக்கு போயிற்று. பிள்ளையுடையோர் ஈட்டுவதில் ஒரு பகுதியைத் தொடாமல் விட்டு, அதற்குமேல் ஈட்டும் ஒவ்வொரு பவுனுக்கும் 65 பென்னி கழித்தனர். 2017இல் அது 63 ஆயிற்று. 2021இல் 55 ஆயிற்று. குழந்தைக் காப்பகச் செலவில், ஒரு வரம்புக்குள், 85 விழுக்காடு வரை திருப்பித் தந்தனர்.

ஆனால், ஒரு கை கொடுத்தபோது மறுகை விரட்டியது. இளைய பிள்ளைக்கு 16 வயது ஆகும்வரை வேலை தேடும்படி தாயை முன்பு வற்புறுத்தியதில்லை. 2008இல் அவ்வயது 12, 2010இல் 7, 2012இல் 5, 2017இல் 3! 2023இலோ, 3 வயதுப் பிள்ளையின் தாயிடமும் வாரம் 30 மணி வரை உழைப்பை எதிர்பார்க்கலாம் என்று விதித்தனர். 1971இல் அவளை வாசலில் நிறுத்திய அதே 30, 2023இல் அவளைப் பின்னிருந்து தள்ளிற்று!

இவ்வரலாறு நமக்கு உரைப்பது என்ன? 1925இன் விதவைக்குக் கூலியும் உதவியும் ஒருங்கே கிட்டின, நாடு கவிழ்ந்துவிடவில்லை. ஆகவே முடியாதது என்று எதுவுமில்லை, மனமில்லாததே இருந்தது. பிள்ளை வளர்ப்பதும் ஓர் உழைப்பே. அதை உழைப்பென்று ஏற்காத வரையில், பாதி நாள் வேலைக்குச் செல்லும் தாயைச் சட்டம் அரைச் சோம்பேறியாகத்தான் காணும். அவளோ, வெளியில் பாதி நாளும் வீட்டில் முழு நாளும் உழைக்கிறாள். அந்த ஒன்றரை நாளைக் கணக்கிடத் தெரிந்த கடிகாரமே நீதியின் கடிகாரம்!