வெள்ளிக்கிழமை விடுமுறையும் கோமாரியின் கச்சான் காற்றும்: வீட்டுத்தோட்டச் சிக்கனம் பற்றி

2022 ஜூனில் இலங்கை அமைச்சரவை அரச ஊழியருக்கு மூன்று மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்க முடிவெடுத்தது. எரிபொருள் தட்டுப்பாடு ஒரு காரணம். வீட்டில் பயிர் செய்யட்டும் என்பது மற்றொன்று. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. மரக்கறிக் கடைப் பக்கம் போகாமல் இருப்பதே சேமிப்பு என்று தோன்றிய காலம். ஆனால் ஜூனில் கொழும்புக்குத் தென்மேற்குப் பருவமழை, கிழக்குக் கரையிலுள்ள கோமாரிக்கு வரண்ட கச்சான் காற்று. மணல் சுடும் மாதத்தில் விதை ஊன்றச் சொன்ன அந்த அறிவிப்பு கிழக்குக் கரையின் மாரியை நினைத்து எழுதப்பட்டதல்ல.  

கோமாரி போன்ற மணற்கரையில் காசை மிச்சம் பிடிப்பது பாத்தி கட்டிய மரக்கறித் தோட்டம் அல்ல, கிணற்றடியை ஒட்டிய பழைய வளவுதான் என்பது என் வாதம்.

முதலில் தண்ணீர். வரண்ட பருவத்தில் பயிர் நிலம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீரை ஆவியாக இழக்கிறது. பத்து மீற்றர் நீளம், பத்து மீற்றர் அகலமுள்ள துண்டுக்கு அது 500 லீற்றர்; பத்து லீற்றர் வாளியால் ஐம்பது வாளி. அள்ளிக் கொண்டுபோய் ஊற்ற வாளிக்கு இரண்டு நிமிடம் என்றாலும் தினமும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். மணல் நீரைப் பிடித்து வைக்காது என்பதால் இதுவும் குறைந்த மதிப்பீடே. இந்த உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. எந்தச் சிக்கனக் கணக்கிலும் அதற்கு ஒரு சதம்கூட எழுதப்படுவதில்லை.

மோட்டர் போட்டால் தீராதா? மின்செலவு உண்மையில் சிறிதுதான். ஆனால் கரையோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால், கீழே நாற்பது மீற்றர் அளவுக்கு உப்பை அது தள்ளி வைக்கிறது. மேலே மட்டம் இறங்க இறங்க உப்பு ஏறி வரும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் மட்டக்களப்புக் கரையில் உவர்ப்பேறிய கிணறுகளைத் துப்புரவு செய்யத் திரும்பத் திரும்ப இறைத்தபோது சில இடங்களில் உப்பு குறையாமல் கீழிருந்து மேலேறியது. ஒரு வீட்டு மோட்டரால் இது நேராது. ஆனால் தெரு முழுக்கக் கச்சான் காலத்தில் இறைத்தால், கத்தரிக்காய்க்குக் குடிநீரையே விலையாகக் கொடுக்க நேரும்.

மாரியில் பயிர் செய்தால் தண்ணீர் இலவசம். அங்கே சந்தை குறுக்கே வருகிறது. ஒரே மழைக்கு நட்ட எல்லார் வீட்டிலும் ஒரே வாரத்தில்தான் வெண்டியும் கத்தரியும் காய்க்கும், விலையும் அப்போதுதான் விழும். விளைந்ததை நிறுத்துச் சந்தை விலையால் பெருக்கிச் 'சேமிப்பு' என்று காட்டும் வழக்கமான முறையை நான் ஏற்பதில்லை. தோட்டம் இல்லாத வீடு அத்தனை கிலோ கத்தரிக்காயைக் கடையில் வாங்கியிராது. கட்டாக்காலி மாட்டுக்கு அடைத்த வேலி, எரு, மருந்து என்று போன காசும் அந்தப் பெருக்கலில் இல்லை.

வளவின் கணக்கு வேறு. குளித்த தண்ணீரும் அரிசி கழுவிய தண்ணீரும் கிணற்றடி வாழைக்குப் போகின்றன. முருங்கை ஆழ வேரோடி நிற்கிறது. கறிவேப்பிலை, தேசி, பப்பாசி, கொச்சி எல்லாம் குசினிக்கு எட்டிய தூரம். தென்னை அடியில் குழி வெட்டிப் பொச்சுமட்டையைப் புதைத்தால் மழைநீரை அது ஏந்தி வைத்திருக்கும். இவை யாவும் சிறிது சிறிதாக, அன்றாடம், வாடும் முன் வேண்டியவை. கடையில் கையளவு வாங்கும்போதுதான் இவற்றின் விலை கூடுதலாக உறைக்கும்.

ஆகவே சேமிப்பை அளக்கத் தராசைவிட நல்ல சான்று கடைக்காரரின் கடன் கொப்பி. வளவுள்ள வீட்டின் பக்கத்தில் அரிசி, சீனி, மா, பருப்பு என்று வரிகள் நீளும். தேங்காயும் சில மாதம் வரும். கறிவேப்பிலைக்கு ஒரு வரி இருக்காது.