பணம் போய்ச் சேர்ந்ததா? மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து சில குறிப்புகள்

1

அயல்நாட்டில் உழைப்பவர் ஊருக்குப் பணம் அனுப்ப எது மலிவான வழி என்ற கேள்விக்கு இன்று ஆயத்தப் பதில்கள் உண்டு. உலக வங்கி 2008இலிருந்து இதற்கென்றே ஒரு விலைத்தொகுப்பை நடத்திவருகிறது. எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு, எந்த நிறுவனம் வழியாக 200 டாலர் அனுப்பினால் கட்டணமாக எவ்வளவு போகும், நாணயமாற்றில் எவ்வளவு கழியும் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். உலகச் சராசரி ஆறு விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்புவதுதான் இருப்பதிலேயே செலவு கூடியது. ஏழை வீட்டுக்குப் போகிற பணம்தான் வழியில் அதிகம் தேய்கிறது என்று இதற்குப் பொருள். 2030க்குள் இந்தச் செலவை மூன்று விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவது என்று 2015இல் ஐக்கிய நாடுகள் சபை இலக்கு வைத்தது.

இப்பட்டியல்கள் பொய்யல்ல. ஆனால் இவை யாவும் அனுப்புகிறவன் நிற்கும் முனையிலிருந்து எழுதப்பட்டவை. வாங்குகிறவள் இவற்றில் ஒரு நாட்டின் பெயராக மட்டுமே இடம்பெறுகிறாள். பணம் வழியில் கிடக்கும் நாட்கள் யாருடையவை? வந்த சேதி யார் யாருக்குத் தெரிகிறது? வந்து சேர்ந்தது என்பதை யார் யாருக்குச் சொல்கிறார்கள்? பணம் அனுப்பும் முறைகளின் வரலாற்றை வாங்கும் முனையிலிருந்து வாசித்தால் இந்த மூன்று கேள்விகளே முன்னுக்கு வரும் என்பது என் துணிபு.

2

இந்த வாசிப்புக்கு மரக்காணத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் உப்பு. சென்னை – புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு இவ்வூர் வெள்ளைக் குவியல்களாகத் தெரியும். சங்க இலக்கியத்தின் எயிற்பட்டினம் இதுவே என்று கொள்வார் பலர். ஆனால் பழம்பெருமை அளத்தில் இறங்குகிறவருக்குக் கூலி கூட்டித் தருவதில்லை. தை, மாசியில் தொடங்கும் உப்பு விளைச்சல் புரட்டாசியோடு முடிகிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் முழுகிவிடும். மார்கழி வரை கைக்கு வேலை இல்லை.

அளத்து வேலைக்குப் போகும் பெண்கள் சிலரோடு இதுபற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர்களில் வளைகுடாவில் மகன் வேலை செய்யும் ஒரு அம்மாவிடம், எதன் வழியாகப் பணம் வந்தால் கமிஷன் குறைவு என்று கேட்டேன். அவர் சொன்னார்: "கமிஷன் எவ்ளோ புடிக்கிறாங்கன்னு எனக்கு எதுக்குத் தம்பி? ஐப்பசி பொறக்கறதுக்குள்ள வந்துச்சின்னா நான் யார்கிட்டயும் கை நீட்ட வேணாம். கார்த்திகையில வந்தா, அதுக்குள்ள முன்பணம் வாங்கித் தின்னிருப்போம். அப்புறம் அடுத்த வருஷம் அவங்க பாத்தியில, அவங்க சொன்ன கூலிக்குத்தான் எறங்கணும்."

இந்தப் பதிலைப் பொருளாதாரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் இருபது நாள் தாமதப்படுவதன் விலை, இங்கே, அடுத்த ஒரு பருவத்தின் உழைப்பு. கட்டணத்தில் மிச்சம் பிடித்த இரண்டு விழுக்காடு இதற்குப் பக்கத்தில் நிற்காது. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் அறிவித்து வழங்கியது, இந்த இடைக்காலத்தின் கனத்தை அரசே ஒப்புக்கொண்டதற்குச் சான்று.

3

காசை நகர்த்தாமலே பணத்தை நகர்த்தும் வித்தை நமக்குப் புதிதல்ல. மரக்காணத்துக்கு வடக்கே ஆலம்பரைக் கோட்டையில் 18ஆம் நூற்றாண்டில் நாணயச் சாலையே இருந்தது. 1750இல் அது பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. ஆனால் நெடுந்தூர வணிகத்துக்கு நாணய மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதால் உண்டி பிறந்தது. இங்கே ஒருவரிடம் பணம் கட்டு, அங்கே அவருடைய கூட்டாளி கொடுப்பார், கணக்கைப் பின்னால் நேர் செய்துகொள்வார்கள். பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று நகரத்தார் வட்டிக்கடைகள் பரவிய இடமெல்லாம் இந்தத் தாள் செல்லுபடியானது.

இதிலிருந்து வந்த 'உண்டியல்' என்ற சொல் தமிழில் படும் பாடு சுவையானது. கோயிலில் காணிக்கைப் பெட்டி. வீட்டில் பிள்ளைகள் காசு சேர்க்கும் மண்கலம். பழைய வணிகரிடம் பணமுறி. ஈழத்தமிழரிடம், குறிப்பாக 1983க்குப் பின், அயலிலிருந்து வீட்டுக்குப் பணம் சேர்க்கும் எழுதாத ஏற்பாடு. நான்கிலும் பொதுவாயிருப்பது, கண்ணுக்குத் தெரியாத ஓர் உட்புறத்தின் மீது வைக்கும் நம்பிக்கை.

அரசு இந்த நம்பிக்கையை எப்படி எதிர்கொண்டது? 1880 ஜனவரி 1 அன்று இந்திய அஞ்சல் துறை மணியார்டர் சேவையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1881இல், மாற்றுமுறை ஆவணச் சட்டம் வந்தது. கீழைத்தேய மொழியில் எழுதப்படும் ஆவணங்கள் தொடர்பான உள்ளூர் வழக்கங்களை இச்சட்டம் பாதிக்காது என்று அதன் முதல் பிரிவிலேயே சொல்லிவிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பெருந்தன்மை. கூர்ந்து பார்த்தால், உண்டியைச் சட்டத்தின் மையத்துக்கு வெளியே 'வழக்கம்' என்று நிறுத்திவைத்த காரியம். சுமார் தொண்ணூறு ஆண்டு கழித்து, 1973இன் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், எல்லை தாண்டிய அந்த வழக்கமே ஹவாலா என்ற குற்றமானது. வழக்கத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் மாறியிருப்பது முறையல்ல, இடைவெளியின் மீதான உரிமை.

இதனால் உண்டியலைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அது வணிகர் வணிகருக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. கூலியாளின் பத்து ரூபாய்க்கு அங்கே மதிப்பு குறைவு. நம்பினவன் கைவிட்டால் முறையிட ஒரு கதவும் கிடையாது.

4

அப்படியானால் கூலியாள் எப்படி அனுப்பினான்? மரக்காணம் அன்று தென் ஆற்காடு மாவட்டம், திண்டிவனம் தாலுகா. தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் பிரெஞ்சுப் புதுச்சேரி, அங்கிருந்து ரியூனியன் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். வடக்கே சென்னைத் துறைமுகம். அங்கிருந்து 1860இல் 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலுக்குப் போனது. 1860 முதல் 1911 வரை நேட்டால் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். வட ஆற்காடு, செங்கற்பட்டு, தென் ஆற்காடு என்று கப்பல் பதிவேடுகளில் நம் தாலுகாக்கள் வரிசையாக வருகின்றன.

இவர்களின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங், ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் ஆண்டில் 14. பெண்களுக்குப் பாதி. ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங் என்றிருந்த காலத்தில் பத்து ஷில்லிங் ஊரில் ஐந்து ரூபாய். வெள்ளி விலை சரிந்து, 1899 வாக்கில் ரூபாய் ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று நிலைப்படுத்தப்பட்டபோது அதே பத்து ஷில்லிங் ஏழரை ரூபாய். கரும்புத் தோட்டத்தில் வெட்டிய கரும்பு ஒன்றுதான். வீட்டில் எரிந்த அடுப்பு வேறு. நாணயமாற்று என்ற 'மறைமுகக் கட்டணம்' பற்றி இன்றைய ஒப்பீடுகள் எச்சரிக்கின்றன. அது கூலியாளின் காதுக்கு எட்டாத இடத்தில் தீர்மானமாவது அன்றே தொடங்கிவிட்டது.

இன்னொன்று: அனுப்பும் செலவை மட்டும் பார்த்தால், அனுப்ப விடாமல் செய்யும் செலவு கண்ணில் படாது. 1895இன் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் செய்யாமல் தங்கியவர் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும். 14 ஷில்லிங் கூலிக்கு அது நான்கு மாதத்துக்கு மேற்பட்ட சம்பளம். மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தனித்தனியே. தபாலுக்கு வரும் முன்பே பணம் முடிந்துபோகும். 1913 போராட்டத்துக்குப் பிறகு, 1914இல்தான் இந்த வரி ஒழிந்தது.

5

மணியார்டர் இந்த வரலாற்றில் ஒரு வித்தியாசமான பிரதி. பிற்காலத்தில் நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் கட்டணம். இன்றைய மூன்று விழுக்காடு இலக்கோடு வைத்துப் பார்த்தால் கொள்ளை. ஆனால் அந்தப் படிவத்தில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடந்தன. அடியில் ஒரு துண்டு: 'நலம், நலமறிய ஆவல், இதில் அம்பது தங்கச்சி பீசுக்கு' என்று எழுத இடம். வீட்டு வாசலில் ரொக்கம். மூன்றாவதாக, வாங்கியவரின் கையெழுத்தோ கைநாட்டோ பட்ட ஒப்புகைத் துண்டு, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும்.

கொடுப்பதில் கொடுத்தவரும் ஒட்டியிருக்கிறார் என்று மார்செல் மாஸ் 1925இல் கொடை பற்றிய தன் ஆய்வில் வாதிட்டார். பணம் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும் என்ற எண்ணத்தை மறுத்து, மக்கள் பணத்தையும் 'இது இதற்கு' என்று குறியிட்டுப் பிரித்துவைப்பதை 1994இல் விவியானா செலிசர் எழுதினார். அந்தத் துண்டில் 'பீசுக்கு' என்று எழுதியவருக்கு இது ஏற்கனவே தெரிந்திருந்தது. அந்த நாலு எழுத்தால் ஐம்பது ரூபாய் கடன்காரரிடமிருந்து காப்பாற்றப்பட்டது. 'அண்ணன் எழுதியிருக்கான்' என்றால் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தபால்காரர் வாசலில் நின்று எண்ணிக் கொடுத்தால் தெருவுக்கே தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் துண்டை வாசிப்பவரும் அவர்தான். பணம் வந்த அன்றே கைமாற்றுக் கேட்டு ஆள் வந்து நிற்பார்கள். ரகசியம் இன்மை ஒரு விலை. அது எந்தக் கட்டண அட்டவணையிலும் இருந்ததில்லை.

6

2008இல் மின்னணு மணியார்டர் வந்தது. பழைய காகித மணியார்டர் 2015 ஏப்ரலோடு நின்றது. இதற்கிடையே 2001இல் வெஸ்டர்ன் யூனியனோடு அஞ்சல் துறை கைகோத்து அயல்நாட்டுப் பணத்தைத் தபாலாபீசிலேயே ரொக்கமாகத் தரத் தொடங்கியிருந்தது. 2023இல் சிங்கப்பூரின் உடனடிப் பணமாற்றோடு நம் யுபிஐ இணைக்கப்பட்டது. சில விநாடிகளில் பணம் வங்கிக் கணக்கில். 2022இல் இந்தியாவுக்கு வந்த இத்தகைய பணம் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. வேகம், கட்டணம் இரண்டிலும் முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஐப்பசிக்குள் பணம் வேண்டிய அந்த அம்மாவுக்கு வேகம் சின்ன விஷயமும் அல்ல.

ஆனால் 'கணக்கில் ஏறியது' என்பதும் 'கைக்கு வந்தது' என்பதும் இரண்டு சம்பவங்கள். கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா வெற்றி பெற்றது, கைபேசிக்கு வந்த பணத்தைப் பெட்டிக்கடை முகவரிடமே ரொக்கமாக்கிக்கொள்ள முடிந்ததால். அந்தக் கடைசி நூறு கெஜத்தை யார் கடக்கிறார்கள் என்பதே கேள்வி. இங்கே 2018இல் தொடங்கிய அஞ்சல் கட்டண வங்கி வழியாகத் தபால்காரர் மறுபடி வாசலுக்கு வருகிறார், கையில் ரேகை பார்க்கும் கருவியோடு. உப்புநீரிலும் பலகைப் பிடியிலும் ஆண்டுக்கணக்கில் தேய்ந்த விரலை அந்தக் கருவி சில வேளை அடையாளம் காண்பதில்லை. "துடைச்சிட்டு வையும்மா" என்கிறார் அவர். துடைத்து வைக்கிறார்கள். இன்னொரு விரல். அப்புறம், நாளைக்கு.

கைநாட்டு நம் கரையில் புதிதல்ல. அன்று மணியார்டர் ஒப்புகையில் வைத்த கைநாட்டு மகனுக்குப் போனது: வாங்கிக்கொண்டேன், உயிரோடிருக்கிறேன் என்று சொன்னது. இன்று வைக்கும் ரேகை ஒரு கணினிக்குப் போய், இவள் இவள்தானா என்று கேட்கிறது. ரேகை ஒன்றே, அன்று அவள் சாட்சி, இன்று சந்தேகத்துக்குரியவள். மகனுக்குக் குறுஞ்செய்தி போய்விடுகிறது, பணம் சேர்ந்ததென்று. அதைச் சொல்வது வங்கி, அம்மா அல்ல.

7

எனவே சேவைகளை ஒப்பிடத்தான் வேண்டும், இன்னும் கறாராக. கட்டணம், நாணயமாற்று என்ற இரு பத்திகளுக்குப் பக்கத்தில் இன்னும் சில பத்திகள் போட வேண்டும்: எந்தத் தேதிக்குள் கையில் ரொக்கமாகிறது, அதற்காக எத்தனை நாள் கூலி போகிறது, கணக்கில் ஏறியதும் பழைய கடனுக்காக யாராவது முந்திக்கொள்கிறார்களா, ரேகை படியாவிட்டால் வேறு வழி உண்டா, வாங்கியவர் தன் வாயால் 'வந்துச்சு' என்று சொல்ல அதில் இடமிருக்கிறதா. இப்பத்திகளை நிரப்பும் தகவல் உலக வங்கியிடம் இல்லை. அது மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் மழைக்காலத்தை எண்ணிக்கொண்டிருக்கும் வீடுகளில் இருக்கிறது. கேட்டு எழுதிக்கொள்வது ஆய்வாளர் வேலை. ஐப்பசிக்கு முன்னால் போய்க் கேட்பது நல்லது.