தேயிலைப் பெட்டியின் பலகை: ஊவாப் பெருந்தோட்ட வரலாற்றில் ஒரு குறிப்பு

தேயிலையின் வரலாற்றை ஆராய்வோர் அது அடைக்கப்பட்ட பெட்டியை நோக்குவது அரிது. பல பத்தாண்டுகள், பதுளைத் தோட்டங்களின் தேயிலை பெரிதும் ஒட்டுப்பலகைப் பெட்டிகளிலேயே கடல் கடந்தது.

மரம் இழையோட்டத்தின் வழியே வலிது. குறுக்கே எளிதிற் பிளப்பது. அதனை மெல்லிய தகடுகளாக உரித்து, ஒன்றன் இழைக்குக் குறுக்காக மற்றதை ஒட்டும்போது இக்குறை நீங்குகிறது. எடை குறைந்து வலிமை மிகுந்த இப்பலகையையே வணிக மூலதனம் நாடியது. 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கியது.

தொடக்கத்தில் பால்டிக் நாடுகள் முதலியவற்றிலிருந்து பலகை வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கின்தொட்டையில் உள்நாட்டுத் தொழிற்சாலை எழுந்தது. 1970களில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜ வனத்து மரங்களும் வெட்டப்பட்டன. எதிர்ப்பு வலுத்தமையால் 1977இல் அது நிறுத்தப்பட்டது.

முரண்பாடு இங்கேதான் வெளிப்படுகிறது. தேயிலையை ஈரம் தீண்டாதிருக்கப் பெட்டிக்குள் ஈயத்தாள் விரித்த மூலதனம், அதனைக் கொய்தோரைத் தகரக்கூரை லயன்களில் நெருக்கி அடைத்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது.

2018இல் மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர், மரத்தின் லிக்னினில் ஒரு பகுதியை இரசாயன முறையில் நீக்கிச் சூட்டுடன் அழுத்தி, அதன் வலிமையைப் பத்து மடங்குக்கு மேல் உயர்த்தினர். உருக்குக்கு மாற்றாகக் கருதப்படும் இம்மரமும் சரக்குக்கு மட்டுமே காப்பாகுமா, உழைப்போருக்குக் கூரையாகுமா என்பதை விஞ்ஞானம் தனித்துத் தீர்மானிக்காது. உற்பத்தி உறவுகளே தீர்மானிக்கும்.