மை உருளையும் வணரியும்

அச்சுக்கலை வரலாறு எழுதுவோர் எழுத்து வார்ப்பையும் பொறியின் அழுத்தத்தையும் விரித்துரைப்பர்; எழுத்தின்மேல் மை பூசிய முறையை ஓரிரு தொடரிற் கூறிக் கடந்து செல்வர். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுப்பொறியின் விரைவுக்குத் தடையாய் நின்றவற்றுள் மை பூசுதல் தலையாய ஒன்று என்பது என் துணிபு.

கூட்டன்பர்க் காலந்தொட்டு ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகள் ஐரோப்பிய அச்சகங்களில் மை பூசியவை தோற்பந்துகளே. கம்பளி மயிரோ குதிரை மயிரோ திணித்து மரப்பிடி பொருத்திய இரு பந்துகளை மையில் தோய்த்து, ஒன்றோடொன்று தேய்த்துப் பரப்பி, எழுத்தின்மேல் ஒற்றுவர். ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சிப் புகைக்கரி கூட்டிச் செய்தது அம்மை. ஒருவர் மை ஒற்ற, மற்றவர் பொறியை இழுப்பார். மணிக்கு 250 தாள் என்பது தேர்ந்த கைகளுக்கு அளவாகக் கொள்ளப்பட்டது. ஒற்றுவார் கை தளர்ந்தால் பக்கத்தின் கருமையும் தளரும்.

உருளையால் மை பூசும் கருத்து, வில்லியம் நிக்கல்சன் இங்கிலாந்தில் 1790-இல் பெற்ற காப்புரிமையிலேயே காணப்படுகின்றது. அவர் எண்ணம் நடைமுறைப் பொறியாக உருப்பெறவில்லை. உருளைக்குத் தோல் போர்த்தினால் தையல் விளிம்பு தாளிற் கோடாக விழும். தோல் இறுகினால் மையை ஒழுங்காக ஏலாது. இவ்விடரை நீக்கியது, தச்சர் வழங்கும் வச்சிரப்பசையைப் போன்ற விலங்குப் பசையுடன் சர்க்கரைப்பாகு சேர்த்துக் காய்ச்சி வார்த்த மென்கலவை. பேக்கன், டாங்கின் இருவரும் 1813-இல் காப்புரிமை பெற்ற பொறியில் இக்கலவை உருளை இடம்பெற்றது. அப்பொறி வழக்கொழிந்தது, உருளை நிலைபெற்றது.

1814 நவம்பர் 29-ஆம் நாள் இலண்டன் 'தி டைம்ஸ்' இதழ், பிரீட்ரிக் கோனிக் அமைத்த நீராவிப் பொறியில் மணிக்கு 1,100 தாள் வீதம் அச்சாயிற்று. இவ்வெண்ணையே எல்லோரும் எடுத்துக்காட்டுவர். யான் நோக்குவது அப்பொறியின் மை உருளைத் தொகுதியை. அதில் இரண்டு உருளைகள் சுழல்வதோடு தம் நீளப்போக்கில் இடமும் வலமுமாகவும் அசைந்தன.

இவ்வசைவு எற்றுக்கு? எழுத்துள்ள இடத்தில் மட்டுமே உருளை மையை இழக்கின்றது. இடைவெளி நேர்ந்த இடத்தில் மை தங்கிவிடுகின்றது. அவ்வேறுபாடு உருளையின்மேல் ஒரு நிழலுருவாய்ப் படிந்து, அடுத்த சுற்றில் தாளில் வெளிப்படும். பக்கவாட்டசைவு அந்நிழலைக் கலைக்கின்றது. எட்வர்டு கௌப்பர் 1818-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் மை ஒரு பலகைமேற் பரப்பப்பட்டது. பின்னர்ப் பரப்பும் உருளைகள் அதன் குறுக்கே சற்றுச் சாய்வாக வைக்கப்பட்டமையால், பலகை ஓடும்போது தாமே பக்கவாட்டிற் சறுக்கின. கோனிக் பல சக்கரங்களால் செய்ததைச் சாய்வு ஒன்றே செய்தது! பொறியியலில் இதனினும் எளிய நுண்மை அரிது.

சுழலும் பொறிகள் பெருகியபின் அசைவைத் தரும் பணி பலவிடத்தும் வணரியிடம் சேர்ந்தது. கிராங்கு என்பதற்கு இன்று வழங்கும் இக்கலைச்சொல், சங்கப் பாடல்களில் யாழ்க்கோட்டிற்கு அடையாய் வரும் 'வணர்' என்பதனோடு உறவுடையது; வளைவு என்பதே பொருள். வணரியின் முளை மையத்தினின்று எவ்வளவு விலகுகின்றதோ, அதன் இருமடங்கு நீளம் உருளை அசையும். முளையை ஒரு பள்ளத்தில் நகர்த்தி இறுக்க இடமிருந்தால், அசைவைக் கூட்டலாம், குறைக்கலாம், மையத்திற் கொணர்ந்து அறவே நிறுத்தலாம். இரு நிற மைகளை அருகருகே இட்டு அச்சிடுவோர் அவை கலவாதிருக்க அசைவைக் குறைப்பர். தமிழகத்துச் சிறு அச்சகங்களில் நெடுங்காலம் வழங்கிய டிரெடில் பொறியோ, மைத்தட்டை ஒவ்வோர் அழுத்தத்திற்கும் சிறிது திருப்பி இதே குறையைத் தீர்த்தது.

இஃது இலக்கிய ஆராய்ச்சிக்குப் புறம்பானதன்று. ஓலையில் பெரும்பாலும் இடப்படாத மெய்ப்புள்ளி, அச்சில் ஒழுங்காக இடம்பெறலாயிற்று. ஆயின் அச்சிலும் மை குறைந்தால் முதலில் மறைவது அப்புள்ளியே. மிகுந்தால் சுழிகள் அடைபட்டு 'ண', 'ன' முதலியன மயங்கும். பழம்பதிப்பின் ஒரே படியைக் கண்டு, 'இங்குப் புள்ளியில்லை. ஆதலின் இது வேறு பாடம்' என எழுதும் கட்டுரைகளை இன்றும் காண்கிறோம். எழுத்துக்கோப்பில் புள்ளி இல்லையா, மை ஏறவில்லையா என்பதை ஒரு படி காட்டாது. அதே பதிப்பின் வேறு படிகள் இரண்டு மூன்றையேனும் ஒப்புநோக்கி, எல்லாவற்றிலும் புள்ளி இல்லையெனின், அதன்பின்னரே அதனைப் பாடவேறுபாட்டுப் பட்டியலிற் சேர்த்தல் தகும்.